நீலத் திரைக்கு ஒரு நகல்

கடையில் எல்லோரும் அவளைப் 'புரொஃபைல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள், இணையத்தில் யார் யாருக்கோ பக்கம் திறந்து கொடுக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் வேலை வேறு. ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் கொண்டுவருகிற படங்களைக் கனமான பருத்தித் தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்துக் கொடுக்கிற கடை அது. ஒவ்வொரு தாளும் மையை ஒவ்வொரு விதமாகக் குடிக்கும். ஒன்று சிவப்பைத் தூக்கிக் காட்டும். இன்னொன்று கறுப்பை விழுங்கிவிட்டுச் சாம்பலைத் துப்பும். இந்தப் பிரிண்டரில், இந்த மையில், இந்தத் தாளில் எந்த நிறம் எப்படி விழும் என்று அளந்து, கணினிக்குப் புரிகிற கணக்காக ஆக்கிவைப்பதற்குப் பெயர்தான் புரொஃபைல். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வார். சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் அவருக்கு அது மறந்துபோகும்.

வீட்டில் அவள் சின்னவள். அவளுக்கு மூத்தவன் ஒரே ஒரு அண்ணன், பெரியவன். அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் பூச்சாடியும் வரையச் சொல்லிக்கொடுத்தார். மிச்ச நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் தனக்காக வரைந்தார். உயிரோடு இருந்தவரை அவர் படத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போனபிறகு எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். படங்கள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. கடைசியில் கூடத்துச் சுவரில் ஒன்றுதான் மிஞ்சியது.

அதில் இளவயதில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். பின்னால் ஒரு நீலத் திரை. திரையின் மடிப்புகளில் நீலம் இருண்டு இருண்டு கடைசியில் ஊதாவாகிவிடும். அந்த ஆழத்துக்கு நடுவே நூல் மட்டும் வெள்ளை. அதற்கு அப்பா வண்ணமே தொடவில்லை. தாளை அப்படியே விட்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பெரியவன் கடைக்கு வந்தான்.

"சின்னவளே, ஒரு உதவி."

அண்ணன் உதவி என்று வாயைத் திறந்தால் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகப்போகிறது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கூடத்துல இருக்கிற படத்தைக் குடுத்தாச்சு. அடுத்த வாரம் வந்து எடுத்துட்டுப் போறாங்க."

"எந்தப் படம்? அம்மா படமா?"

"கத்தாத. மாடி எடுக்கணும்ல? பிள்ளைங்க வளந்துட்டாங்க. எத்தனை நாளைக்கு எல்லாரும் ஒரே ரூம்ல கெடக்கிறது?"

"அம்மா சரின்னாங்களா?"

அவன் மேஜைமேல் கிடந்த தாள் துண்டு ஒன்றை எடுத்து மடித்தான், பிரித்தான். "அம்மாகிட்டப் போய் இதெல்லாம் கேட்டுட்டு இருக்க முடியுமா? வெறும் சுவரைப் பாத்தா அழுவாங்க. அதான் உங்கிட்ட வந்தேன். அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. அம்மா கண்ணுக்கு என்ன தெரியப்போகுது?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பின்னாளில் எத்தனையோ தடவை அதை நினைத்து அவள் மனசு வெந்திருக்கிறது. அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது வேறு. விற்றாகிவிட்டது, இனி நிற்கப்போவதில்லை, அம்மா அழக்கூடாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யாரிடமும் சொல்லக்கூடாத ஒரு ஆசை. ஊரார் படத்துக்கெல்லாம் உழைத்த கை அது. அப்பாவின் நீலம் சில நாள் தன் மேஜைமேல் இருக்கும். அதைப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும்.

அம்மாவிடம், சட்டத்தில் பூச்சி அரிக்கிறது, மருந்து போட்டுக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிப் படத்தை எடுத்து வந்தார்கள். அம்மா நம்பினாள். "பத்திரம்டி, சின்னவளே" என்று மட்டும் சொன்னாள்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கேமராவில் புகைப்படம் எடுத்தாள். அப்பா வரைந்த தாளின் பழுப்புக்கு ஏறக்குறைய ஒத்துவருகிற ஒரு பருத்தித் தாளைத் தேடிப்பிடித்தாள். வெளுப்பான் கலக்காத, சொரசொரப்பான, கனத்த தாள். கடைக்கே அது புதிது. பிரிண்டரின் பட்டியலில் அந்தத் தாளுக்குப் பெயரே இல்லை. இருக்கிறதில் ஏதாவது ஒன்றைத் தாள் வகையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தேர்வுதான் எவ்வளவு மை இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும். அதைத் தவறவிட்டால் பிறகு எப்படி அளந்தாலும் ஒப்பேறாது.

"ஏம்மா, பிரிண்டரை ஆட்டோமேட்டிக்ல போட்டு விட்டா அதுவே பாத்துக்காதா?" என்றார் முதலாளி.

"ஆட்டோல போட்டா கல்யாண ஆல்பம் மாதிரி வரும் சார்."

"வரட்டுமே. உங்க வீட்டுப் படம்தானே?"

அவள் பளபளப்புத் தாளுக்கான கறுப்பை எடுத்துவிட்டு மங்கல் தாளுக்கான கறுப்பு மையைப் போட்டாள். தாள் கனமாக இருந்ததால் அச்சுத்தலை உரசாதபடி இடைவெளியைக் கூட்டினாள். நிறத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்துகிற பிரிண்டரின் வழக்கத்தை அணைத்துவைத்தாள்; அளக்கும்போது அது நடுவில் புகுந்து நல்லது செய்யக்கூடாது. தலை ஒரே பக்கமாக ஓடி நிதானமாக அடிக்கும்படி வைத்தாள்.

முதலில் கொடுத்த தாள் வகையில் மை தாராளமாக இறங்கியது. நீலம் அடடா என்று இருந்தது. ஆனால் நூல் போய்விட்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் மை கசிந்து அந்த வெள்ளைக் கோட்டை மூடிவிட்டது. அம்மா வெறும் காற்றில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வகையில் நூல் வந்தது. ஆனால் திரை நாலு தடவை துவைத்துக் காயப்போட்டதுபோல வெளிறிப்போனது. நூல் வந்தால் நீலம் இல்லை, நீலம் வந்தால் நூல் இல்லை. பட்டியலில் இருந்த எல்லா வகையையும் போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை எடுத்து, மையின் அடர்த்தியைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்தாள். நூல் பிழைத்தது. நீலமும் முக்கால்வாசி நின்றது.

இனி எதையும் மாற்றக்கூடாது. அதே அமைப்பில் நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்கள் கொண்ட தாளை அடித்து, மை முழுக்கக் காயும்வரை பொறுத்திருந்து, கட்டம் கட்டமாகக் கருவியால் அளந்து புரொஃபைலை உண்டாக்கினாள். அதை வைத்து அடித்த படத்தில் பாக்கி நீலமும் ஏறக்குறைய வந்துவிட்டது. மடிப்பில் இருந்த ஊதா மட்டும் தாளுக்கு எட்டாத நிறம். அதற்காகப் பக்கத்து நிறங்களை ஒரு பிடி அடக்கி, கண்ணுக்கு அது ஊதாவாகவே தெரியும்படி செய்தாள். வீட்டுக் கூடத்தில் எரிகிற அதே மாதிரி குழல்விளக்கு ஒன்றை வாங்கி வந்து, அதன் கீழே அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அசல் என்று நினைத்து அவர் கையில் எடுத்தது நகலைத்தான். "உங்கப்பா பெரிய ஆளும்மா" என்றார்.

அவளுக்குப் பறப்பதுபோல இருந்தது. இது எதற்காகச் செய்த வேலை என்பது அந்த நிமிஷம் சுத்தமாக மறந்துவிட்டது.

அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நகலைச் சட்டத்தில் போட்டு மாட்டினார்கள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் அம்மாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடியத் தொடச்சீங்களா? பளிச்சுன்னு இருக்கே."

"ஆமாம்மா" என்றான் பெரியவன். அம்மாவின் தலைக்குமேல் தங்கையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அந்தச் சிமிட்டலில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், பாத்தீங்களா, கண்டுபிடிக்க முடியலையே, என்று ஒரு குரல் துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

மாடி எழும்பியது. வருஷங்கள் ஓடின. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா படத்தைக் காட்டி, "இத்தனை வருஷமாச்சு, நிறம் கொஞ்சமாச்சும் மங்கியிருக்கா பாருங்க" என்பாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம், தன் வாடகை வீட்டிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருக்கிற சின்னவளுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். ஒருநாள் சாயங்காலம் இரண்டு பிள்ளைகளையும் மருமகளையும் பக்கத்தில் கூப்பிட்டாள். தலையணையில் சாய்ந்து உட்காரவைக்கச் சொன்னாள். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"வீட்டைப் பெரியவன் பேருக்கு எழுதிட்டேன். மாடியெல்லாம் அவன் கட்டினது. சின்னவளே, உனக்கு மனசுல ஒண்ணும் இல்லையே?"

"என்னம்மா இது? இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"இரு, சொல்லி முடிச்சுடறேன். வீடு அவனுக்கு. அப்பா படம் உனக்கு. அது வீட்டைவிட ஒசத்தின்னு எனக்குத் தெரியும். அத வாங்கறதுக்கு ஆள் வந்து நின்னப்போ இவன் நச்சரிச்சான். நான் விடவே இல்ல. அது என் பொண்ணுக்குன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்." அம்மா மகன் பக்கம் திரும்பினாள். "சொன்னேனா இல்லையா, பெரியவனே?"

பெரியவன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னீங்கம்மா" என்றான்.

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அண்ணி மருந்துப் பாட்டிலை எடுத்து, அதில் எழுதியிருந்ததை ரொம்ப அக்கறையாகப் படித்தாள். அவளுக்கும் தெரியும் என்று அதிலேயே தெரிந்துபோனது.

அம்மாவைக் கேட்காமலே படத்தை விற்றான் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அம்மா மறுத்த படத்தை, தங்கைக்கென்று ஒதுக்கிவைத்த படத்தை, அந்தத் தங்கை கையாலேயே நகலெடுக்கவைத்து விற்றிருக்கிறான். தன் பங்கு பறிபோனதை மறைக்கிற நகலைத் தானே அழகாகத் தயார்செய்து, கண்ணாடி போட்டு, அவன் கையில் கொடுத்திருக்கிறாள்.

"என்னடி பேசாம நிக்கிற? பிடிக்கலையா?" என்றாள் அம்மா.

"பிடிச்சிருக்கும்மா." அம்மா அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

பின்பக்கத்தில் துணி காயப்போடுகிற இடத்தில் அண்ணனைப் பிடித்தாள்.

"தெரிஞ்சுதானே செஞ்சே?"

"மெதுவாப் பேசு. அம்மா காதுல விழும்."

"அது எனக்குன்னு தெரிஞ்சும், எங்கிட்டயே வந்து போட்டுக் குடுன்னு கேட்டியே, உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

"நீயும்தானே சேந்து செஞ்சே? இப்ப என்னமோ ஒண்ணும் தெரியாத மாதிரி. சரி, வா, ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" அவள் அம்மா படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்ததும் அவன் குரலுக்குத் தெம்பு வந்தது. "நான் ஏதோ சுவரு வெறுமையா இருக்கக் கூடாதுன்னு ஒண்ணு கேட்டேன். நீதான் அச்சு அசலாப் பண்ணிக் குடுத்தே. கொஞ்சம் சுமாரா போட்டிருந்தா அம்மா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க. கத்தி ஊரைக் கூட்டியிருப்பாங்க. படத்தைத் திருப்பி வாங்கியிருப்போம்."

ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் அவளைக் கொன்றது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவளிடம் போய் என்னவென்று சொல்வது? நீங்கள் தினம் பார்த்துச் சிரித்தது நான் அடித்த தாள் என்றா? சில மாதங்களில் அம்மா போய்விட்டாள். கடைசிவரை அவள் நாற்காலி அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்ததும் சின்னவள் படத்தைக் கழற்றி, பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தன் வாடகை வீட்டுக்கு வந்தாள். பெரியவன் ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று நடந்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தன் அறையில் மாட்டியதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. அவள் அறையில் மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் திரை நீலமாக இல்லை. லேசாகச் சிவப்பு தட்டி, அழுக்கேறியதுபோல இருந்தது. அம்மாவின் முகமும் காய்ச்சல்காரி முகம் மாதிரி ஆகிவிட்டது. படத்தின்மேல் தப்பில்லை. குழல்விளக்கின் கீழே வைத்து ஒப்பிட்டு, அந்தக் கூடத்தில் ஒருத்தி கண்ணை ஏமாற்றுவதற்காகவே செய்த நகல் அது. வேறு எந்த விளக்கையும் அன்று அவள் யோசித்திருக்கவில்லை. அசலாக இருந்தால் எந்த வெளிச்சத்திலும் அப்பாவின் நீலம் நீலமாக நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நீலம் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்தப் பார்த்தால், கட்டங்களும் எண்களும்தான் கண்முன் வந்தன.

விளக்கை மாற்றலாம். பகல் வெளிச்சத்துக்கு ஏற்றபடி புதிதாக அளந்து வேறொன்று அடித்துக்கொள்ளலாம். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அவள் எதையும் செய்யவில்லை. கழற்றி அலமாரியின் பின்னால் சுவரைப் பார்க்கச் சாத்தி வைத்தாள்.

ஒருநாள் கடையில் வேலையாக இருந்தபோது அண்ணி போன் செய்தாள். நலம் விசாரித்தாள். பிள்ளைகள் அத்தையைக் கேட்கிறார்கள் என்றாள். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

"கூடத்துச் சுவர் வெறிச்சுன்னு இருக்கு. வர்றவங்க எல்லாம் படம் எங்கன்னு கேக்கறாங்க. அவருக்குச் சொல்லவே ஒரு மாதிரியா இருக்கு. உங்கிட்டதான் எல்லாம் இருக்குமே. இன்னொண்ணு அதே மாதிரி..."

சின்னவள் எதிரே இருந்த பிரிண்டரைப் பார்த்தாள். ஒரு ஓவியரின் மலைப்படம் கோடு கோடாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் அடுக்கில் அந்தப் பருத்தித் தாளின் புது உருளை பிரிக்காமல் கிடந்தது.

"அந்தத் தாள் இப்ப வர்றதில்ல அண்ணி" என்றாள்.

"வேற தாள்ல போட முடியாதா?"

"வேற தாள்ல அந்த நிறம் வராது."

அண்ணி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சின்னவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, வெளியே வந்த மலையின் ஓரத்தைப் பிடித்துத் தரையில் படாமல் தூக்கினாள்.