பொந்தைக்குள் போன ஊசி

தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. கீழே இறங்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளை வில்லை கொடுப்பேன். ஏறி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுவேன். ஓர் ஆணி வெறுமையாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று பொருள். அது நிறையும்வரை எனக்குச் சோறு இறங்காது. இந்தப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவர எனக்குத் தெரியவில்லை.

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்து, மார்கழிக் குளிரில் ஒரு பெண்ணைப் பெற்றிருந்தாள். பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணிதான் வேண்டும். அதனால் என் மனைவி எங்கள் குடியிருப்பு லைனில் பதினோரு வீடுகளில் பழந்துணி கேட்டு வாங்கினாள். அவற்றை அடுக்கிக் கையால் தைத்த கனத்த விரிப்பைத் தெலுங்குக்காரர்களைப் போல நாங்களும் பொந்தை என்போம். மறுநாள் பேத்தியைத் தொட்டிலில் போடும் நாள். தொட்டிலுக்குள் அந்தப் பொந்தைதான்.

தைத்தவர்கள் மனைவியும் எதிர்வீட்டு அக்காவும். ஆளுக்கு ஓர் ஊசி, உடைந்தால் மாற்றுக்கு ஒன்று என மூன்று எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தவை இரண்டு.

"பொந்தையைத் தொடாதே. ஒண்ணு உள்ளே இருக்குது," என்றேன்.

"இன்னாங்க இது, ஊசி இன்னா ஷிப்டுக்கா போயிருக்குது?" என்றாள் மனைவி.

"இருந்தா எங்க கையில குத்தியிருக்கும் தம்பி," என்றாள் அக்கா.

இருவரும் அமுக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் தட்டுப்படவில்லை. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். மனைவி பொந்தையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தையல் பிரிச்சா, மீதி பூரா நீங்கதான் தைக்கணும்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். சட்டையைக் கழற்றி, பொந்தையை விரித்து, அதன்மேல் நானே படுத்தேன். தோளிலிருந்து இடுப்புவரைதான் அடங்கினேன். இடப்பக்கம் புரண்டேன், வலப்பக்கம் புரண்டேன், குப்புறவும் கவிழ்ந்தேன்.

"தம்பிக்குச் சங்குல பால் எடுத்தாரட்டுமா?" என்றாள் அக்கா.

"குப்புற கவுந்துட்டாரு அக்கா, குழந்தைக்குப் பண்ற மாதிரி கொழுக்கட்டை அவிக்கணும்," என்றாள் மனைவி.

உள்ளேயிருந்து மகள், "சிரிக்க வைக்காதீங்கம்மா, வயிறு வலிக்குது!" என்று கத்தினாள்.

எதுவும் குத்தவில்லை. ஆனால் என் முதுகு கோணித்துணி. பேத்தியின் முதுகு பூவிதழ். தங்கத்தூளில் கலந்த இரும்புத்தூளைப் பிரிக்க ஆலையில் ஒரு காந்தம் வைத்திருந்தார்கள். ஓடிப்போய் மேஸ்திரியிடம் கெஞ்சி அதை ஒருநாள் இரவல் வாங்கிவந்தேன்.

பொந்தையின் மேல் மெதுவாக ஓட்டினேன். ஒரு மூலையில் துணி காந்தத்தைத் தேடிக் கூடாரம்போல எழுந்தது. மனைவியே நாலு தையலைப் பிரித்தாள். என் ஊசி! அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காந்தம் கையில் இருக்கிறதே என்று இன்னொரு முறை ஓட்டினேன். நடுவில் இன்னொரு கூடாரம் எழுந்தது.

அக்கா கொடுத்த சேலையின் ஓர மடிப்புக்குள்ளிருந்து துருப்பிடித்த ஊசி ஒன்று வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னுது! மருமவதான் தொலைச்சான்னு இன்னா பேச்சு பேசினேன் அவளை!"

இறங்கியவர் மூவர், ஏறியவர் நால்வர். எந்தச் சுரங்க ஷாப்டிலும் நான் காணாத கணக்கு இது. மற்றத் துணிகளில் எத்தனை ஊசிகளோ? மீதிப் பத்து வீடுகளுக்கும் போய், "உங்க வீட்டுல ஊசி ஏதாவது தொலைஞ்சுதா?" என்று கேட்டேன். பத்து வீட்டிலும் தொலைந்திருந்தது.

அதன்பின் அந்தப் பொந்தையில் காந்தம் படாத நூல் கிடையாது. வேறு எதுவும் எழவில்லை.

காலையில் பேத்தியை அதன்மேல் கிடத்தினார்கள். நான் காந்தத்தைப் பிடித்தபடி தொட்டிலருகே நின்றேன். அவள் முகத்தைச் சுளித்தாள். காலை உதறினாள். நான் காந்தத்தை நீட்டினேன். பிறகு பொந்தை மெல்ல நனைந்தது. அவள் முகம் தெளிந்தது.

மனைவி என் கையிலிருந்து காந்தத்தை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் மேல வந்துட்டாங்க. ஆபீசை மூடுங்க."