முக்கு வந்தால் பாட்டு நிற்கும்

"பாட்டு கேக்கதுக்குப் போயி எவளாவது ஏரோப்ளேன் ஏறுவாளாக்கா? நம்ம டீக்கடை பெஞ்சில உக்காந்தா போதாதா?" நான் கிளாஸ்கோவுக்குப் புறப்பட்ட அன்று, மூட மறுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டே என் தம்பி இசக்கிமுத்து கேட்டது இது. வெகுஜன இசையைப் படிக்க ஒரு பல்கலைக்கழகம் இடமும் உதவித்தொகையும் கொடுக்கிறது என்பதை எங்கள் வீட்டில் யாருமே நம்பவில்லை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்பா குற்றாலத்து அருவிக்கரையில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பஸ் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். எங்கள் வம்சத்தில் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. "கேக்கதுக்கு இல்லலே, கேட்டு எழுததுக்கு" என்றேன். "அப்பம் நான் பாடுதேன், நீ எழுது" என்றான் அவன். பெட்டி மூடிக்கொண்டது.

இங்கே வந்த புதிதில் என்னை மிரளவைத்தது குளிர் என்றுதான் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பஸ்தான் மிரட்டியது. மழைக்கு நான் புதியவள் அல்ல. சாரல் காலத்தில் எங்கள் வீட்டுத் துணிகளும் ஈரத்தோடுதான் கிடக்கும். ஆனால் கிளாஸ்கோ பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு காதும் அடைபட்டிருந்தது. எதிரே ஒரு பெண் எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தாள். என்ன பாட்டு என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கக் கூடாதாம். தென்காசியிலிருந்து பண்பொழிக்குப் போகிற மினி பஸ்ஸில் டிரைவர் போடுவதுதான் எல்லாருக்கும் பாட்டு. "அண்ணாச்சி, இத மாத்தும், காலையிலயே ஒப்பாரி வைக்குதான்" என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் சொல்வார். "ஒம்ம மவ கல்யாணத்துல ஒமக்குப் பிடிச்சதப் போடும்வே, இது எம் பஸ்ஸு" என்பார் டிரைவர். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும்போது ரேடியோ பாடும். பிடிக்காத பாட்டு வந்தால் கை வேகம் குறையும். அவர்களுடைய விமர்சனம் அவ்வளவுதான். நான் கற்ற முதல் விமர்சனமும் அதுதான்.

பாட்டு எல்லாருக்கும் பொது என்று வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் நானும் பேசியிருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அது பாதிதான் உண்மை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் போன் அடித்தால் போதும், அந்த ரிங்டோனை வைத்து அவன் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கும் காதில் விழும் பாட்டுக்கும் ஒரே வேலை. சினிமாவில் ஒரு கதாநாயகன் மீசையை முறுக்கி ஒரு பாட்டுப் பாடினால் அது சென்னையில் பாட்டு. எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அது ஒரு தெருவின் கொடி. தேர்தல் வந்தால் அதே மெட்டில் வேட்பாளர் பெயரை மாற்றிப் போட்டு ஆட்டோ சுற்றிவரும். எந்த மெட்டு எந்தத் தெருவுக்குள் போகலாம் என்பது ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் மேலத் தெருவும் கீழத் தெருவும் சந்திக்கிற இடத்துக்குப் பெயர் முக்கு. மினி பஸ் நிற்பது அங்கேதான். எங்கள் வீடு மேலத் தெருவில். அம்மன் கோயில் கொடை விழாவில் எங்கள் தெருச் சாமி ஊர்வலம் முக்கைக் கடந்துதான் போக வேண்டும். எழுதிவைக்காத ஒரு வழக்கம் அங்கே இருந்தது: முக்கு வந்ததும் ஸ்பீக்கரில் பாட்டை நிறுத்திவிடுவார்கள். மேளம் மட்டும் நடைக்கு ஏற்றாற்போல் மெதுவாக அடிக்கும். கடந்துபோனதும் பாட்டு மறுபடியும் தொடங்கும். கீழத் தெருக்காரர்கள் தங்கள் கொடைக்கும் அப்படியே செய்வார்கள். சின்ன வயதில் அந்த மௌனம் எனக்குப் பிடிக்காது. ஆடிக்கொண்டு வந்த கால் திடீரென்று என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்.

கிளாஸ்கோவில் ஒரு கோடைச் சனிக்கிழமை, என் ஜன்னலுக்குக் கீழே புல்லாங்குழலும் டிரம்முமாக ஓர் அணிவகுப்பு போனது. தோளில் பட்டை அணிந்த ஆண்கள், பின்னால் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள். மெட்டு துள்ளலாக இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கீழ் வீட்டு மார்கரெட் கதவைத் திறந்தார். எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறவர், என்னை "ஹென்" என்று கூப்பிடுகிறவர். இந்த ஊர் அம்மாக்கள் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அந்தப் பாட்டு இந்தப் படிக்கட்டில் வேண்டாம், ஹென்" என்றார். அவர் கத்தோலிக்கர்; அணிவகுத்துப் போனவர்கள் புராட்டஸ்டண்டுக்காரர்கள். அந்த மெட்டு அவர் ஆட்களைச் சீண்டுவதற்காகத் தெருவில் வாசிக்கப்படுவது என்று எனக்கு அப்போது தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த நினைத்து, "உங்கள் ஊரில் பாட்டெல்லாம் தியானத்துக்குத்தானே?" என்றார். "சண்டைக்கு" என்றேன். நகைச்சுவை என்று நினைத்து வெகுநேரம் சிரித்தார்.

ஆர்வம் தாங்காமல் கடைத்தெரு வரை அந்த அணிவகுப்பின் பின்னால் நடந்தேன். ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் வந்தது. குழல்கள் எல்லாம் சட்டென்று இறங்கின. ஒரே ஒரு டிரம் மட்டும் நடைக்கு ஏற்றாற்போல் மெதுவாகத் தட்டியது. கடந்துபோனதும் பாட்டு மறுபடியும் தொடங்கியது. நான் நடுரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து யாராவது தொந்தரவு செய்தார்களா என்று கேட்டார். இல்லை, ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் அழுதது ஏனென்றால், அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் எங்கள் முக்கில் பாட்டு நிற்காமல் போயிருந்தது. அது என் தம்பியின் பாட்டு. இசக்கிக்கு நல்ல குரல். சீசனில் குற்றாலத்து லாட்ஜ்களில் கச்சேரிக் குழுவோடு பாடுவான். அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டு, நண்பர்களோடு பைக்கில் சுற்றி வீடியோ எடுத்துப் போட்டான். எங்கள் ரத்தம், எங்கள் மண், எவன் எதிரே நிற்பான் என்கிற வகைப் பாட்டு. அது அவன் நினைத்ததைவிட வேகமாகப் பரவியது. கொடை அன்று பையன்கள் டிராக்டரில் ஸ்பீக்கர் கட்டி, முக்கு வந்ததும் நிறுத்தாமல், சத்தத்தை இன்னும் கூட்டியிருக்கிறார்கள். கீழத் தெருவிலிருந்து கல் வந்தது. இங்கிருந்தும் போனது. என்னோடு ஒரே பெஞ்சில் பன்னிரண்டாவது வரை படித்த கீழத் தெரு பேச்சியம்மாளின் அப்பாவுக்கு நெற்றியில் தையல். அன்றைக்கு இசக்கி ஊரிலேயே இல்லை, ஐந்தருவிப் பக்கம் ஒரு கச்சேரியில் இருந்தான். பாட்டு மட்டும் அவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

வீடியோவை முதல்முறை கேட்டபோதே என் காதில் ஏதோ இடறியது. ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஒரு சின்ன நிறுத்தம். பைக்கில் போகிறவனுக்கு அங்கே நிற்க வேண்டிய தேவை இல்லை. அந்த நிறுத்தத்தை நான் வேறெங்கோ கேட்டிருந்தேன். மறுபடி மறுபடி போட்டுக் கேட்டபோது வயல் தெரிந்தது. பேச்சியின் அம்மா மாரியம்மாள் நடவுக்குப் பாடுகிற பாட்டு. பெண்கள் நாற்றை ஊன்றி, சேற்றிலிருந்து கையை எடுக்கிற இடத்தில் பாட்டு மூச்சு விடும். விடுமுறை நாட்களில் பேச்சியோடு நானும் இசக்கியும் வரப்பில் உட்கார்ந்து அந்த அம்மா கொடுத்த கஞ்சியைக் குடித்திருக்கிறோம். குளிக்கும்போது அவன் அதைத்தான் பாடுவான். போனில் கேட்டேன். "மெட்டு எங்கேருந்துலே வந்துச்சு?" "தானா வந்துச்சுக்கா. பைக்குல வரும்போது சும்மா வந்துச்சு." அவன் பொய் சொல்லவில்லை. மறந்திருந்தான். எங்கள் ரத்தம் என்று அவன் பாடுகிற பாட்டு அவர்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கிறது.

அதை எழுதினேன். கல் விழுந்த ஊரைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதி நான் விமர்சகி ஆவது? ஒரு தமிழ் இணைய இதழில் வந்தது. அவன் குரல் எவ்வளவு நல்ல குரல், அந்த மெட்டை அவன் எவ்வளவு உயிரோடு பாடுகிறான் என்று இரண்டு பத்திகள் எழுதியிருந்தேன். ஊரில் சுற்றியது, மெட்டு யாருடையது என்று சொன்ன மூன்றாவது பத்தியின் ஸ்கிரீன்ஷாட் மட்டும். இங்கே ஆங்கிலத்தில் அது மொழிபெயர்க்கப்பட்டபோது தைரியமான கட்டுரை என்று பாராட்டினார்கள். நான் கிளாஸ்கோவில் மூன்றாவது மாடியில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இசக்கி கூப்பிட்டான். "எம் பாட்ட களவாண்ட பாட்டுன்னு எழுதிட்டியேக்கா."

"களவுன்னு எழுதலலே. எங்கனேருந்து வந்துச்சுன்னு எழுதுனேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். பயலுவ மூஞ்சில நான் எப்படி முழிக்க? நான் பாடுதேன் நீ எழுதுன்னு சொன்னேம்லா. இதுக்கா சொன்னேன்?"

அதன்பின் அவன் என்னைக் கூப்பிடவில்லை. பேச்சியிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. "நீ உள்ளதத்தான் எழுதிருக்க. ஆனா அங்கன இருந்துலா எழுதுத. எங்கம்மை இங்கன இருக்கா. பாட்டுக்காரி வாரா, வழி விடுங்கலேன்னு ஒங்க தெருப் பயலுவ கேலி பேசுதானுவ. அவ நடவுக்குப் போனா இப்பம் வாயத் தொறக்கது இல்ல. இனிம எனக்கு போன் போடாத." அந்தச் செய்தியை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒரு விமர்சகியாக அதில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

பிறகு இசக்கிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது, அதுவும் அத்தை மகள் மூலமாக. சித்தப்பா பிள்ளைகள் பெயரெல்லாம் இருந்தது. என் பெயர் இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள்தான் போட வேண்டும். அவனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவைக் கூப்பிட்டேன். பீடிக் கத்தரியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அந்தச் சவத்த அழிச்சிட்டு வாட்டி" என்றாள். "வந்து ரெண்டு முடிச்சப் போடு. கல்யாணம் முடிஞ்ச பொறவு திரும்ப எழுதிக்கோ. யாரு வேண்டாம்னா?" சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இதழுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும், கட்டுரை போய்விடும். அதோடு, மாரியம்மாள் பாட்டு மாரியம்மாள் பாட்டு என்று சொல்லும் ஒரே தமிழ்ப் பக்கமும் போய்விடும். என்னால் முடியவில்லை. அழிக்காமலே புறப்பட்டேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. கல்யாணம் பண்பொழி மலைக்கோயிலில். படியேறி வரும் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றேன். அப்பாதான் முதலில் பார்த்தார். பக்கத்தில் வந்தபோது புதுச் சட்டையையும் மீறி எண்ணெய் வாசம் அடித்தது. "குடை கொண்டாந்தியாம்மா? நனைஞ்சிராத" என்றார். அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? கெட்டிமேளம் கொட்டியது. இசக்கி தாலியை எடுத்துக் குனிந்தான். முதல் முடிச்சு. நிமிர்ந்தவன் கூட்டத்துக்குமேல் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். சித்தப்பா மகள் எட்டி வந்து மற்ற இரண்டு முடிச்சுகளையும் போட்டாள். என் விரல்கள் முந்தானை நுனியில் எதையோ முடிந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

இறங்கும் வழியில் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டு வந்தவன் என் முன்னாலும் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "சாப்பிட்டுட்டுப் போக்கா" என்றான். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளிடம் சொல்வதைப் போல. பின்னால் அவன் நண்பர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்காக அப்படிச் சொன்னானா, உண்மையிலேயே அப்படித்தானா என்று நான் கண்டுபிடிக்க முயலவில்லை. "நல்லாருலே" என்றேன். சாப்பிட்டேன். அவியல் நன்றாக இருந்தது.

மதியம் மினி பஸ்ஸில் ஏறி ஊர் முக்கில் இறங்கினேன். அம்மா, பின்வாசல் வழியாக வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். மேலத் தெருவில் எங்கள் வீட்டுப் பந்தல் தெரிந்தது. மூங்கிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் முக்கைப் பார்த்து இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு கீழத் தெருவுக்குள் நடந்தேன். ஒரு நாய் குரைத்தது. மாவு அரைத்துக்கொண்டிருந்த ஒருத்தி மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பேச்சியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் மாரியம்மாளின் சேறு காய்ந்த செருப்பு கிடந்தது. அப்போது எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. என் தம்பியின் குரல், இந்த வாசலின் மெட்டு. கை சேற்றிலிருந்து எழுகிற அந்த இடத்தில் பாட்டு மூச்சு விட்டது. உள்ளே யாரோ அசைவது கேட்டது. என் செருப்பைக் கழற்றி அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டேன். கதவைத் தட்டினேன்.