கிணற்றைத் தோண்டியவர்கள்

அட்டையைப் பார்த்ததுமே யூலாலி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தீவின் சிறுவர் கதைகள். தொகுத்தவர்: ஹார்க்கோர்ட்.' உள்ளே இருந்ததெல்லாம் டீச்சரின் கதைகள்.

"அவன் எங்கடா தொகுத்தான்? என் நோட்டைப் பிடுங்கிட்டுல்ல போனான்."

புத்தகத்தைக் கொண்டுவந்த ரோலன் அவரிடம் எழுத்துப் படித்தவன், இப்போது கல்வித்துறை அதிகாரி. "பழைய கதைய விடுங்க டீச்சர். எண்பத்துநாலு வயசாச்சு. சனிக்கிழமை பதக்கம் தர்றாங்க. இதுலருந்து ஒண்ணு படிச்சாப் போதும்."

"வர்றேன், போ."

அந்த மலைப்பக்கத்தில் தலைமையாசிரியை ஆன முதல் கறுப்புப் பெண் அவர். எலுமிச்சைத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தலையில் ஏறாதபோது, வீட்டுப் பேச்சான பத்வாவில் முயல் கதை சொல்லி எழுத்தைப் பழக்கினார். பள்ளியில் பத்வா பேசினால் பிரம்படி என்றிருந்த காலம். ஒருநாள் பள்ளி இன்ஸ்பெக்டர் ஹார்க்கோர்ட் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விளாசினான். தடுக்கப்போன டீச்சரின் கதை நோட்டைப் பறித்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஏழு ஊருக்கு மாற்றல். போன ஊரிலெல்லாம் டீச்சர் கதை சொன்னார்.

திருடியதோடு விட்டானா பாவி? அவன் மாற்றி எழுதியதில் எல்லாக் கதையிலும் கடைசியில் முயல் ராஜாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டது. இதைத்தான் இனிப் பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள் என்பதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில், கையில் அந்தப் புத்தகத்தோடு பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, மந்திரி பதக்கத்தைக் குத்திவிட்டார். முன்வரிசையில் தொண்ணூறு வயது ஹார்க்கோர்ட், தொப்பியும் கோட்டுமாக. டீச்சர் அந்தப் புத்தகத்தை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"தீம் தீம்," என்றார்.

"குட் மார்னிங் டீச்சர்," என்றார்கள் பிள்ளைகள்.

கதைக்காரர் 'தீம் தீம்' என்றால் கேட்பவர்கள் 'புவா ஷேஷ்' என்று பதில் தரவேண்டும். பதில் வராமல் கதையைத் தொடங்கக் கூடாது. அதையும் அடித்தே மறக்கடித்துவிட்டார்கள். மறுபடி சொன்னார். மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் அசையவில்லை.

கடைசி வரிசையில் மீன்காரி ஒனோரின் எழுந்தாள். ஆறு வயதில் ஹார்க்கோர்ட்டிடம் அடிவாங்கியவள். "புவா ஷேஷ்," என்றாள். மூன்றாம் தடவை பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

கதை பத்வாவிலேயே வந்தது. மிருகங்கள் கிணறு தோண்டின. ராஜா வேலி போட்டு, என்னுடையது என்றான். முயல் வேலியைத் தாண்டி, வயிறு முட்டக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனது. அவ்வளவுதான்.

ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "புத்தகத்துல முயல் மன்னிப்புக் கேக்குதே டீச்சர்?"

"கிணத்தத் தோண்டினது யாரு?"

"மிருகங்க."

"அப்ப யாரு மன்னிப்புக் கேக்கணும்?"

"ராஜா," என்று மண்டபமே சொன்னது.

ஹார்க்கோர்ட் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவன் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைங்க சொன்னது காதுல விழுந்துச்சா?"