அரைப்பேர் போட்ட பறவை

பதுளையில் இயங்கும் பறவைப் பதிவுக் குழுவின் கோப்புகளில் இலக்கம் நாற்பத்தேழு கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. நாள், நேரம், இடம், காற்றின் திசை அனைத்தும் திருத்தமான கையெழுத்தில் நிரப்பப்பட்டுள்ளன. இரண்டாம் சாட்சிக்குரிய கட்டத்தில் மட்டும், வேறொரு கையால், தடித்த நீல மையில், "அரைப்பேர். வால் மட்டும்" என்று எழுதிக் கையொப்பமிடப்பட்டுள்ளது. ஊவாவின் உலர்காலப் பறவைகள் பற்றிய ஆய்வுக்காக நான் வரிசைப்படுத்திய படிவங்கள் இருநூற்றுப் பதினெட்டு. ஏனைய சாட்சிகள் "கண்டேன்" என்றோ "காணவில்லை" என்றோ எழுதியிருக்கிறார்கள். பாதி கண்டதாக எழுதியவர் இவர் ஒருவரே. அந்தப் பாதியின் காரணத்தை அறிய லுணுகலைக்கு மூன்று முறை போக நேர்ந்தது. கேட்டறிந்தது பெரும்பாலும் விஜயலெட்சுமியின் வரலாறாகவே அமைந்துவிட்டது.

விஜயலெட்சுமி 1981இல் லுணுகலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். உயர்தரம் முடித்ததும் அங்குள்ள பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பதினொரு குழந்தைகள் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினால், சன்னலுக்கு வெளியே ஒரு பறவையைக் காட்டுவதே வழி என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். ஆனால் ஒரே பறவையை இருமுறை காட்டினால் குழந்தைகள் ஏமாற மறுத்தன. ஆகவே புதுப் பறவைகள் தேவைப்பட்டன. அவருடைய ஆர்வத்துக்கு இதைவிட உயர்ந்த காரணம் ஏதும் உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று உறுதியாகச் சொன்னார்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் மழை குறைந்து காற்று வீசும் காலம். அந்த மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதிகாலையில் புறப்பட்டு, தேயிலை மலைக்கு மேலேயுள்ள காட்டோரம் வரை ஏறுவார். இந்தப் பயணங்கள் தோட்டத்தில் உடனடிக் கலக்கத்தை உண்டாக்கின. மேட்டில் நின்று தூரக்கண்ணாடி வைத்துக் கீழே பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுபவர் யாராயினும், அவர் காட்டில் விறகு பொறுக்குவோரின் கணக்கைத் தோட்டத்துத் துரைக்குக் கொடுக்கிறார் என்பதே அங்கு எல்லோரும் அறிந்த உண்மை.

"விஜி, எம்பேர எழுதிட்டியா?" என்று விறகுக் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி ஒரு பெண் கேட்டாள்.

"இல்லக்கா, மைனாவத்தான் எழுதினேன்."

"நோட்டுல மைனான்னு எழுதிட்டு ஆபீஸ்ல போயி ரெங்கம்மான்னு சொல்லிறாத."

2003ஆம் ஆண்டில் இந்தப் பயணங்களோடு ஒரு கெடுவும் சேர்ந்துகொண்டது. பதிவுக் குழு அந்த ஜூன் மாதம் அவருக்கு ஒரு தூரக்கண்ணாடியை நிபந்தனையோடு கொடுத்திருந்தது. ஒரே உலர்காலத்தில் நூறு இனப் பறவைகளைப் பதிவு செய்தால் அவர் லுணுகலைப் பகுதியின் பதிவாளராவார். கண்ணாடி அவரிடமே இருக்கும். இல்லையேல் செப்டெம்பர் முப்பதாம் திகதி அது வேறொருவருக்குப் போய்விடும். அதற்கு முன் அவர் பயன்படுத்திய கண்ணாடியில் ஒரு குழாய் மட்டுமே தெளிவாகத் தெரியும். இரண்டு கண்ணாலும் பறவை பார்த்தபின் ஒரு கண்ணுக்குத் திரும்ப அவர் விரும்பவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பகுதியில் அரிதான இனமாயின் இரண்டாவது ஒருவரும் கண்டு கையொப்பமிட வேண்டும். கச்சேரி எனப்படும் அரச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்த குமாரசிங்கம் குழுவின் செயலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் இருபது ஆண்டுகள் கழித்தவர். விதிகளில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடாதவர்.

"பிள்ளை, நீர் பொய் சொல்லுறீர் எண்டு நான் சொல்லேல்லை," என்றார். "ஆனா ரெண்டாவது ஆள் காணாமல் நாங்கள் ஏற்கேலாது."

முதலில் விஜயலெட்சுமி ஒரு சித்தி மகளை அழைத்துப்போனார். அவள் ஒவ்வொரு பறவைக்கும் அதைக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டாள். அடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாண் ரொட்டி விற்கும் ஸரூக் வந்தார். அவர் பார்வையில் வெள்ளையாக இருந்தது எல்லாம் கொக்கு, மற்றது எல்லாம் காகம். இப்படியாக ஓகஸ்ட் இறுதியில் பட்டியல் தொண்ணூற்றொன்பதில் நின்றது. எளிதில் கிடைக்கக்கூடிய பறவைகள் அனைத்தும் அதில் வந்துவிட்டன.

ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர் மலைக்குப் போகவில்லை. பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்த தம்பையா, மொனராகலையில் கடையொன்றில் வேலை பார்த்த தம் மகன் ரஜீவுக்குப் பெண் பார்க்கக் குடும்பத்தோடு வருவதாக இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தக் கண்ணாடியப் பொட்டிக்குள்ள வையி," என்றார் அம்மா. "மாப்ள மொகத்தப் பாக்காத. மரத்தப் பாக்காத. தரையப் பாரு."

"தரையில காடை வந்தா?"

"விஜி!"

பத்தே முக்காலுக்கு விஜயலெட்சுமி தேநீர்த் தட்டத்தோடு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் முன்காம்பராவுக்குள் நுழைந்தார். அப்போது தம்பையா வெற்றிலை துப்புவதற்காக லயத்து வாசலுக்குப் போயிருந்தார். திறந்திருந்த கதவினூடாக, ஓடைக்கு அப்பாலிருந்த மரத்தில், நீண்ட வாலுடைய ஏதோ ஒன்று கிளைக்குக் கிளை நழுவி ஏறுவதை விஜயலெட்சுமி கண்டார். ஒரு கணம் முகம் திரும்பியது. சிவப்பு என்று அவருக்குப் பட்டது. காட்டில் ஆண்டுக்கணக்காகத் தேடியும் கிடைக்காத செம்முகப் பூங்குயில், நூறாவதாக, லயத்து வாசலுக்கே வந்திருந்தது.

"இதக் கொஞ்சம் புடிங்க," என்று அவர் தட்டத்தை ரஜீவின் மடியில் வைத்தார். ரஜீவிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகளும் கடைசி வார்த்தைகளும் அவையே.

வாசலில் தம்பையா திடுக்கிட்டு, "என்னா புள்ள, பாம்பா?" என்றார்.

"இல்லங்க மாமா, செம்முகப் பூங்குயிலு! அந்தா பாருங்க, அந்தா!"

தம்பையா பார்த்தார். கண்டது இலைகளுக்குள் மறைந்துகொண்டிருந்த வாலை மட்டுமே.

உள்ளே ரஜீவின் வேட்டியில் தேநீர் சிந்தியிருந்தது. அவருடைய தாயாரின் கோபம் அதைவிடச் சூடாக இருந்தது. "நாங்க பொண்ணு பாக்க வந்தா, பொண்ணு பறவை பாக்கப் போவுது. நாளைக்கு எம்புள்ளைக்குச் சோறு போடுவாளா, குருவிக்குப் போடுவாளா?" சம்பந்தம் பதினொரு மணிக்குள் முறிந்தது. தம்பையாவே அதை வாய்திறந்து அறிவித்தார்.

பதினொன்றேகாலுக்கு அவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்துக்கு விஜயலெட்சுமி படிவத்தோடு ஓடி வந்தார்.

"மாமா, ஒரு கையெழுத்து வேணுங்க."

"மாமாவா? அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சே. கங்காணின்னு கூப்பிடு."

"சரிங்க கங்காணி. ஒரு கையெழுத்து."

"இவளுக்குக் கையெழுத்து வேற போடப்போறீங்களா?" என்று மனைவி சீறினார்.

தம்பையா படிவத்தை முழுவதும் வாசித்தார். பெரட்டு எனும் காலை வரிசைக்கு வந்த தம் ஆட்களை அன்றாடம் எண்ணி, செக்ரோல் எனும் நாட்பேர் ஏட்டில் பதியக் கணக்கப்பிள்ளையிடம் சொல்வது முப்பத்தொரு ஆண்டுகளாக அவர் வேலை. "கல்யாணம் வேணாம்னது நானு," என்றார். "ஆனா பறவை வந்துச்சே. வந்த ஆள வரலன்னு எப்புடிச் சொல்றது?"

"அப்ப போடுங்க. மொகம் செவப்புதானே?"

"பாக்காத மொகத்துக்கு நான் எப்புடிக் கலர் சொல்றது? வாலு பாத்தேன். நீளம், நுனியில வெள்ளை. காலையில வந்துட்டு மத்தியானம் நழுவிப்போற ஆளுக்கு என்னா போடுவோம்? அரைப்பேரு. அதுதான் இதுக்கும்."

"உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்குங்க. என்னா எழுதட்டும்?"

"பத்து மணிக்குச் சம்பந்தி. இப்ப ஒண்ணுமில்ல. நேரத்தப் பாத்து எழுது."

விஜயலெட்சுமி "இல்லை" என்று எழுதினார். பஸ் வந்தது.

குமாரசிங்கத்தின் பதில் ஐந்து நாட்களில் வந்தது. வால் நுனியின் வெண்மை செம்முகப் பூங்குயிலுக்கும் நீலமுகப் பூங்குயிலுக்கும் பொது என்றும், முகம் காணாத சாட்சியம் நிறைவற்றது என்றும், செப்டெம்பர் முப்பதுக்குள் நிறைவு செய்யாவிடில் நூறு என்ற எண்ணிக்கையில் அது சேராது என்றும் அதில் கண்டிருந்தது. விதிப்படி பிரதியொன்று இரண்டாம் சாட்சிக்கும் அனுப்பப்பட்டது. தம்பையாவின் கணக்கு நிறைவற்றது என்று திரும்பி வந்தது வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

செப்டெம்பர் ஏழாம் திகதி காலை ஏழு மணிக்கு, குடையும் வெற்றிலைப் பையுமாக அவர் லயத்து வாசலில் நின்றார். விஜயலெட்சுமியின் அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை.

"வாங்க சம்பந்தி, வாங்க! நான் அப்பவே சொன்னேன், கோவம் தணிஞ்சதும் வருவீங்கன்னு."

"சம்பந்தியெல்லாம் இல்லீங்க. மிச்ச அரைக்கு வந்திருக்கேன்."

அம்மா இதை நம்பவில்லை. அந்த ஞாயிறும் அடுத்த இரு ஞாயிறுகளும் இறைச்சிக் கறி வைத்தார். தம்பையா மூன்று தடவையும் நன்றாகச் சாப்பிட்டு, மூன்று தடவையும் சம்பந்தம் இல்லையென்று சொல்லிவிட்டுப் போனார்.

பறவை பார்ப்பவராக அவரிடம் ஒரு பெருங்குறை இருந்தது. மலையில் நிற்கும்போது அவருக்குப் பெரட்டுக் குரல் தானாக வந்துவிடும். "கொண்டக்குருவி ரெண்டு பேரு வந்தாச்சு! மரங்கொத்தி லேட்டு!" என்று அவர் அறிவித்தவுடன் வந்தவர்களும் போய்விடுவார்கள்.

"மெதுவாப் பேசுங்க கங்காணி."

"மெதுவாத்தானே பேசுறேன்," என்பார். எதிர்க்கரை மரம் காலியாகும்.

ஓடையோரத்தில் மீன்கொத்தியொன்று ஒரு மணி நேரம் அசையாதிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "காலையிலயிருந்து ஒக்காந்தே இருக்கு. இதுக்கு யாரு கங்காணி?" ஆனால் அவர் கண் கூர்மையானது. முப்பது பேர் நிற்கும் வரிசையில் இல்லாத ஒருவரைக் கண்டுபிடித்துப் பழகிய கண். அசையும் இலைக்கும் அசைக்கப்பட்ட இலைக்கும் வேறுபாடு தெரிந்தது. பூங்குயில் மட்டும் பேர் கொடுக்க வரவில்லை.

செப்டெம்பர் இருபத்தெட்டு, கடைசி ஞாயிறு. அன்று தம்பையா சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்தார். பத்தரைக்குப் பசறையில் ரஜீவுக்கு வேறொரு பெண்ணோடு பரிசம்.

"அப்பன் இல்லாமப் பரிசம் போடுவாங்களா? நீங்க போங்க கங்காணி," என்றார் விஜயலெட்சுமி.

"ஒம்போது மணி பஸ்ஸுக்கு எறங்கிருவேன். அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னபடியே திறக்கவில்லை. ஒன்பது மணி பஸ் கீழே ஹோர்ன் அடித்துச் சென்றபோதும் திறக்கவில்லை. ஒன்பது பத்துக்கு அவர் விரலை மட்டும் நீட்டினார். ஓடைக்கு மேலே காட்டுக் கொடிகளுக்குள் நீண்ட வால் ஒன்று ஏறியது. விஜயலெட்சுமி கண்ணாடியை உயர்த்தினார். பறவை திரும்பியது. முகம் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. அவர் கண்ணாடியைத் தம்பையாவிடம் நீட்டினார். அவரும் பார்த்தார், பறவை தானாகப் பறந்துபோகும் வரை.

"மொகம் பாத்தீங்களா?"

"பாத்தேன். நீயும் பாத்த. நீயே சொல்லு."

விஜயலெட்சுமி குறிப்பேட்டை மூடினார். "நீலங்க," என்றார்.

"நீலந்தான்."

"அப்ப கண்ணாடி போச்சு."

"ஏன் போவுது? இந்த ஆளுக்கு ஒன்னோட செக்ரோல்ல ஏற்கனவே பேரு இருக்கா?"

தொண்ணூற்றொன்பது பெயர்களையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய விஜயலெட்சுமிக்கு, நூறாவது சிவப்பாகத்தான் வரவேண்டும் என்ற நினைப்பில், இந்தக் கேள்வி தோன்றவேயில்லை. நீலமுகப் பூங்குயில் கீழே மொனராகலைப் பக்கத்து வறண்ட புதர்களில் சாதாரணம். லுணுகலை மலையில் அதை அதுவரை எவரும் பதிவு செய்ததில்லை. அவர் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தார். பேர் இல்லை.

படிவம் நாற்பத்தெட்டில் தம்பையா "முழுப்பேர்" என்று எழுதினார்.

"அப்ப அன்னைக்கு வந்ததும் இதேதானோ?" என்று விஜயலெட்சுமி தயங்கினார். "நாப்பத்தேழையும் நீலம்னு மாத்திரட்டுங்களா?"

"அது எப்புடி? இன்னைக்கு வந்த ஆளுக்கு இன்னைக்குப் பேரு. அன்னைக்கு வந்தது யாரோ எவரோ. அது அரைப்பேராவே கெடக்கட்டும்."

ஸரூக்கின் மோட்டார் சைக்கிளில், பாண் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தம்பையா பதினொன்றே முக்காலுக்குப் பசறை போய்ச் சேர்ந்தார். வேட்டியில் ஒட்டுப்புல்லும் பாண் துகளும் ஒட்டியிருந்தன. ஒன்றேகால் மணி நேரமாகத் தட்டுகளோடு காத்திருந்த பெரியவர்கள் காரணம் கேட்டார்கள். "ஒரு ஆளுக்குப் பேரு போட வேண்டியிருந்துச்சு" என்றாராம். கங்காணியின் வாயில் அது நியாயமான காரணமாகவே பட்டது. எவரும் மேலும் கேட்கவில்லை.

கண்ணாடி லுணுகலையிலேயே தங்கியது. 2006இல் விஜயலெட்சுமிக்குத் திருமணம் நடந்தது. மணமகன் வீட்டார் பெண் பார்க்க வந்த நாளில் நல்ல மழை பெய்து, பறவைகள் எவையும் வெளியே வராதிருந்தமை அதற்குப் பெரிதும் உதவியதாக அவருடைய அம்மா என்னிடம் கூறினார்.

ஐந்தாண்டுகளில் நிறைவுறாத பதிவுகளைக் கோப்பிலிருந்து நீக்க வேண்டும் என்பது குழுவின் விதி. 2008 ஓகஸ்டில் குமாரசிங்கம் படிவம் நாற்பத்தேழு தொடர்பாக இரு சாட்சிகளுக்கும் முறைப்படி அறிவித்தல் அனுப்பினார். ஓய்வுபெற்றுவிட்ட தம்பையாவிடமிருந்து வந்த பதில் அந்தப் படிவத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டே வரி: "நீக்க வேண்டாம். மிச்ச அரைக்கு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருக்கிறேன்."

குமாரசிங்கம் அதன் ஓரத்தில் சிவப்பு மையில் "விசாரணையில் உள்ளது" என்று குறித்து, நாளிட்டு, கோப்பை மூடியிருக்கிறார்.