கரைவலைக்குள் வீசிய தூண்டில்

மூன்று வருடமாகத் தூண்டில் போடுகிறேன். கரையேற்றியதெல்லாம் குளத்து மீன்தான். எங்கள் தூண்டில் குழுவில் ஆளாளுக்குப் பாரை மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் போட, நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியே காலம் தள்ளினேன். பொறுத்தது போதும் என்று, போன ஜூன் போயா (பௌர்ணமி) விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டு கல்முனைக்குக் கிளம்பினேன்.

கண்டியில் காலை 5.30 பஸ். மஹியங்கனை, அம்பாறை வழியாக ஏறக்குறைய 220 கிலோமீற்றர். மஹியங்கனை மலையிறக்கத்தின் பதினெட்டு வளைவு முழுக்கத் தூண்டில் ரொட்டைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வந்தேன். கல்முனையில் இறங்கும்போது மணி 12.50. ஆளுக்கு 870 ரூபாய். கடற்கரைக்குப் பத்து நிமிட நடையில் மின்விசிறி அறை, ஓர் இரவுக்கு 4,500. சுத்தமாக இருந்தது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் உவர்ப்பு.

பின்னேரம் நான்கு மணிக்கு ஆட்டோ பிடித்துக் கிட்டங்கிப் பாலத்துக்குப் போனேன். போய்வர 1,200. களப்பு, அதாவது கடலோர ஏரி, அசையாமல் கிடந்தது. இறால் துண்டு கோர்த்து ஒன்றரை மணித்தியாலத்தில் நான்கு மீன். இங்கே அதற்குச் செல்வன் என்று பெயர். எங்கள் பக்கம் திலாப்பியா என்போம். இவ்வளவு தூரம் வந்து அதே மீனா என்று நான் முகத்தைத் தூக்கிவைத்திருக்க, ஆட்டோக்காரர் நௌபர் சிரித்துவிட்டு நான்கையும் தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை 6.10க்குக் கல்முனைக்குடி கடற்கரையில் நின்றேன். வடக்கே ஒரு கூட்டம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது, தெற்கே இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே முந்நூறு மீற்றர் கரையில் ஈ காக்கை இல்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்து அங்கேயே நின்று வீச ஆரம்பித்தேன். அத்தனை பேர் உள்ள ஊரில் அந்த இடம் மட்டும் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று யோசிக்கிற புத்தி அப்போது வரவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து இழுத்தது பாருங்கள், ரொட் வளைந்து தண்ணீரைத் தொட்டது. துள்ளல் இல்லை, ஒரே சீரான பாரம். இருபது கிலோப் பாரை என்று முடிவே கட்டிவிட்டேன். படத்துக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் என்றுகூடப் பார்த்தாயிற்று. அதற்குள் தெற்குக் கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார்.

“மீனில்ல தம்பி, அது எங்கட வலை. நூல அறுத்திடுங்க.”

அவர்தான் றஹீம் காக்கா; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அந்தக் கரைவலையின் தண்டயல், அதாவது தோணிக்கும் வலைக்கும் தலைவர். விடியவே தோணியில் போய்க் கடலை வளைத்து வலை விட்டிருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் இழுத்தபடி ஒன்றையொன்று நெருங்கி வரும். நான் நின்றது அந்த வளைவின் நட்ட நடுவில். வெட்கத்தில் கத்தியை எடுத்து நூலை அறுத்தேன். அவர் கோபப்படவில்லை. சும்மா நிற்காமல் வந்து கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்.

பிடித்தேன். பக்கத்தில் இழுத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே கதைத்தார். ஐந்து நாளாக வலை வெறுமையாக வந்ததாம், இன்றைக்குத்தான் பாரம் தெரிகிறதாம். மீன் சேரும் பையான வலை மடிக்கு மேலே கடற்பறவைகள் சுற்றின. எல்லார் முகத்திலும் சிரிப்பு. கயிறு முடிந்து வலை கைகளுக்கு வரத் தொடங்கியபோதுதான் எனக்கு நினைவு வந்தது. நான் வீசியது ஒற்றைத் தூண்டில் அல்ல, லூர். பொம்மை மீன், அதில் இரண்டு மும்முனைக் கொக்கி, ஆக ஆறு முனை. அது இந்த வலையில்தான் எங்கேயோ மாட்டியிருக்கிறது. இழுக்கிற ஒருவர் கையிலும் உறை இல்லை.

சொன்னால் இழுப்பை நிறுத்துவார்கள். நிறுத்தினால் வலை தளரும், மீன் போய்விடும். வந்த ஊரில் எல்லார் முன்னாலும் இரண்டாவது தடவை முட்டாளாக வேண்டும். வாயை மூடிக்கொண்டு இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு இழுப்பு. எனக்கு முன்னால் நின்றவர் வலையைக் கொத்தாக அள்ளிப் பிடிப்பதைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது.

“காக்கா, வலையில கொக்கி இருக்கு. ஆறு முனை. கையில ஏறிடும்.”

றஹீம் காக்கா கையை உயர்த்தினார். இழுப்பு நின்றது. இருவர் தண்ணீரில் இறங்கி வலையை விரல் நுனியால் தடவிக்கொண்டே போனார்கள். மிதப்புக்கு மேலால் மீன்கள் பாய்ந்து போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். லூர் கிடைத்தது, முன்னால் நின்றவரின் கைக்கு ஒரு முழம் தள்ளி.

கரைக்கு வந்தது பெரும்பாலும் சூடை என்கிற சிறு மீன், கொஞ்சம் பாரைக் குஞ்சு. பாதி போயிற்று என்றார்கள். கயிறு பிடித்தவனுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது அங்கே வழக்கம். எனக்கும் ஒரு பை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன், விடவில்லை. காலை பத்து மணிக்குக் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் அதை ஆணமாக, அதாவது குழம்பாக, ஆக்கி ரொட்டியோடு தந்தார். ருசியாக இருந்தது, அதுதான் கஷ்டம்.

போகிறவர்களுக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடியும்வரை பெரும்பாலும் தோணி இறங்காது, அன்று காலையில் தாராளமாக வீசலாம். மற்ற நாட்களில் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நிற்கவே வேண்டாம். கடற்கரையில் அரைக் காற்சட்டையோடு திரியாமல் நீளக் களிசான் போடுங்கள். லூர் மாட்டினால், என்ன கொக்கி என்பதை அந்த நிமிடமே சொல்லுங்கள்.

நான் சொன்னது அந்த நிமிடம் அல்ல, நான்கு இழுப்புக்குப் பிறகு. அது அங்கே ஒருவருக்கும் தெரியாது. மீன் பையைத் தரும்போது றஹீம் காக்கா மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

“வேற ஆளா இருந்தா வாய மூடிட்டு நிண்டிருப்பான். இந்தத் தம்பி நினைவு வந்த உடனேயே சொன்னாரு.”

ஓம் என்று தலையாட்டிவிட்டு மீனை வாங்கிக்கொண்டேன்.