ட்ரையர் இல்லாத மேடை

போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அக்காவின் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர் கப்பலில் சமையல் வேலை கிடைத்துக் கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கோடை இசை விழாவில் அவர்கள் வாசிக்க வேண்டும்.

அக்கா என் பெரியம்மா மகள். நாற்பத்தொரு வயது, லாண்டரிக் கடை வைத்திருக்கிறாள். பேஸ் கிட்டாரை மீட்டிக்கொண்டே பாடுவாள். அவள் கணவர், பஸ் ஓட்டும் மாமா, லீட் கிட்டார். பாட்டெல்லாம் அவளே எழுதியது. ஜோடி தொலைத்த காலுறையைப் பற்றிக்கூட ஒன்று உண்டு. பதினோரு வருடம் விண்ணப்பித்து இப்போதுதான் இந்த விழாவில் இடம் கிடைத்திருந்தது.

“இதுவும் சொதப்புச்சுன்னா கிட்டாரை வித்துருவேன்” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்று மாலை வழக்கம்போலக் கடையிலேயே ஒத்திகை. மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்த நான், துணி மடித்துக்கொண்டே பாட்டைக் கேட்டேன். துணி உலர்த்தும் ட்ரையர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே உருளை தேய்ந்து, சுற்றுக்கு ஒருமுறை ‘தொம்’ என்று இடிக்கும் பழைய மெஷின். பாட்டுகள் பிசகாமல் வந்தன.

“அவன் போனதே தெரியலையே!” என்றார் மாமா.

“கண்ணு வைக்காதீங்க.”

மறுநாள் மேடையில் தெரிந்தது. முதல் பாட்டிலேயே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் மாமா தாளத்தில் முன்னால் ஓட, அக்கா பின்னால் துரத்தினாள். சிலர் எழுந்து ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நடந்தார்கள்.

அக்கா சட்டென்று பாட்டை நிறுத்தினாள். மைக் திறந்தே இருந்தது.

“என்னங்க, ட்ரையர்!”

“அணைச்சிட்டுத்தானே வந்தோம்?”

“ஐயோ, அதில்லைங்க. நேத்து நமக்குத் தாளம் போட்டதே அதுதான்!”

கூட்டம் சிரித்தது. நானாக இருந்தால் பின்படி வழியாக இறங்கி ஓடியிருப்பேன். அவள் முன்னால் வந்தாள்.

“இத்தனை வருஷமும் எங்க கடை மெஷின் சத்தத்துலயே வாசிச்சுப் பழகிட்டோம். அது இல்லாம ஓட மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் மெஷினா இருங்களேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் மிதித்துக் காட்டினாள். தொம். தொம். மேடைக்கு முன்னாலும் பலகைத் தளம்தான். முன்னால் நின்ற ஒரு தாடிக்காரர் தொடங்கினார், பிறகு எல்லோரும். உற்சாகத்தில் வேகம் ஏறியபோது பாட்டுக்கு நடுவிலேயே அதட்டினாள்: “மெதுவா, மெதுவா! துணி கிழிஞ்சிரும்!”

அவளுக்குப் பெரிய குரல் இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பாடுவாள். ஆனால் அன்று இருநூறு பேரின் கால்கள் அந்தக் குரலுக்காகக் காத்திருந்து விழுந்தன. ஐஸ்கிரீமோடு திரும்பி வந்தவர்களும் உருகி ஒழுகுவதைக் கவனிக்காமல் மிதித்தார்கள். ஐந்து பாட்டையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

எட்டு மாதம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது:

“இந்த வருஷம் விழாக்காரங்களே கூப்பிட்டிருக்காங்கடி. ஃபார்ம்ல ட்ரம்ஸ் யாருன்னு கேட்டிருந்துச்சு. கூட்டம்னு எழுதிட்டேன். நீயும் வந்து மிதி.”