தேன்மொழியின் பாரும் என் மெஷின்களும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸில் இருந்தேன். பாதி மலை ஏறியிருப்போம். எங்கள் ஜிம்முக்கு வரும் செம்மநத்தம் பாப்பாத்தி போனில் கூப்பிட்டாள்.

“மேடம், தேனக்கா போயிட்டாங்க.”

“எங்க போயிட்டாங்க?” என்று கேட்டேன். பஸ் வளைவில் திரும்பியது. சிக்னல் அறுந்துவிட்டது.

அப்படியொரு கேள்வியைக் கேட்டேனே என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் தேன்மொழியைத் தெரிந்து, அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அது விநோதமாகப் படாது. அவர் எந்நேரமும் எங்காவது போய்க்கொண்டிருந்தவர். பகலில் நாகலூர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. சாயங்காலம் ஸ்கூட்டரில் ஏற்காடு வந்து எங்கள் ஜிம். நடுவில் யாருக்காவது ஆஸ்பத்திரி, யாருக்காவது கல்யாணம். கீழே சேலத்தில் எங்காவது பெண்களுக்குப் பளு தூக்கும் போட்டி நடந்தால் அங்கேயும் இருப்பார். போயிட்டாங்க என்றால் வந்துவிடுவார் என்றுதான் எனக்குப் பழக்கம்.

மறுபடி சிக்னல் கிடைத்தபோது பாப்பாத்தி அழுதுகொண்டிருந்தாள். “காலைல பால் காய்ச்சிக்கிட்டு இருந்தாங்களாமா. தலையப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்லீங்க. சேலத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மூளைல ரத்தக் கொழா வெடிச்சிருச்சாமா.”

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். கீழே போக வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. முந்தின நாளிலிருந்து நான் சேலத்தில்தான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்றபடி பஸ்ஸுக்கு நின்றபோது, அதே ஊரில் ஏதோ ஒரு கட்டிலில் அவர் கிடந்திருக்கிறார். எதிர்ப்பக்கம் போய் நின்று, கீழே போகும் வண்டிகளுக்குக் கை காட்டினேன். அதற்குள் பாப்பாத்தி மறுபடி கூப்பிட்டாள். மேலே கொண்டு வந்துகொண்டிருக்கிறார்கள், நீங்களும் மேலேயே வந்துவிடுங்கள் என்றாள். சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தேன். நிற்க முடியாமல் திரும்பவும் அந்தப் பக்கம் போனேன். மதில்மேல் இருந்த குரங்குகள் என்னையே பார்த்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் என்னைத் தாண்டி மேலேறிப் போயிற்று. அதுதானா என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவுமில்லை.

நாங்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்டதும் இதே மலைப்பாதையில்தான். பிசியோதெரபி படித்துப் பல வருடம் கீழே வேலை பார்த்த பிறகு, ஏற்காட்டில் பெண்களுக்கென்று ஒரு ஜிம் வைக்க ஆசைப்பட்டேன். மூடப்பட்ட ஒரு ஜிம்மின் மெஷின்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். காலால் தள்ளுவது, மார்பால் தள்ளுவது, உட்கார்ந்து மேலிருந்து இழுப்பது. ஒரு வளைவில் கயிறு தளர்ந்து, இழுக்கும் மெஷின் லாரியின் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பின்னால் வண்டிகள் நின்றுவிட்டன. டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து புடவையை இழுத்துச் செருகியபடி ஓர் அம்மாள் இறங்கி வந்தார். லாரிமேல் ஏறி, மெஷினுக்குத் தோள் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “கயித்தப் போடுங்க” என்றார். கட்டி முடிந்ததும் கீழே குதித்து என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, இத்தன இரும்பையும் எதுக்குங்க மலையேத்தறீங்க?”

“பொம்பளைங்களுக்கு ஜிம் வைக்கப் போறேன்.”

“உக்காந்துக்கிட்டுத் தள்றதுக்குங்களா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஜிம் திறந்த வாரமே வந்துவிட்டார். கல்லூரி நாட்களில் மாநில அளவு வரை பளு தூக்கியவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. நாகலூர் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்த, பளு தூக்கும் தன் இரும்புப் பாரையும் தட்டுகளையும் கொண்டுவந்து ஒரு மூலையில் போட்டார். அது அவருடைய மூலை ஆயிற்று. மற்றதெல்லாம் என் ராஜ்யம்.

சண்டையும் அன்றே தொடங்கியது. நீங்கள் எல்லோரும் கேட்டு ரசித்த சண்டை அது. மெஷின் கை கால்களை ஒரே பாதையில் கொண்டுபோகும், புதிதாக வருகிறவளுக்குப் பயமில்லை, அடிபட்டவளுக்கு எந்தத் தசை வேண்டுமோ அதை மட்டும் பலப்படுத்தலாம், தளர்ந்துபோனால் விட்டுவிடலாம், தலையில் எதுவும் விழாது என்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மலைல எங்கீங்க தண்டவாளம் இருக்குது?” என்பார். காப்பி மூட்டை நேர்கோட்டில் வராது, குழந்தை இடுப்பில் அசையாமல் உட்காராது, சரிவில் கால் வைத்தால் உடம்பு முழுக்கச் சேர்ந்துதான் தாங்க வேண்டும் என்பார். “மெஷினு உங்க பாரத்தைத் தூக்குமுங்க. உங்களையும் சேத்துத் தூக்கிக்கும். அதுதானுங்க எனக்குப் புடிக்காதது.” எங்கள் பக்கத்துச் சண்டைக்கு ஓர் அழகு உண்டு. என்ன கோபம் வந்தாலும் ‘ங்க’ போகாது. “உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று அவர் மரியாதையாகத்தான் திட்டுவார்.

அந்த ‘ங்க’ ஒரே ஒரு தடவை போயிற்று.

பாப்பாத்தி காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள். சரிவில் விழுந்து முட்டியில் தசைநார் கிழிந்து, ஆபரேஷனுக்குப் பிறகு என்னிடம் வந்தாள். சீசன் தொடங்குவதற்குள் தோட்டத்தில் இறங்காவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். காலால் தள்ளும் லெக் பிரஸ்ஸில் உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஏற்றினேன். கால் நன்றாகத் தேறியது. ஆனால் ஜிம் வாசல் படியில் இறங்கச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். உட்கார்ந்து தன் உடம்பெடையைத் தள்ளுகிறவள், நின்றால் நடுங்கினாள்.

நான் இல்லாத ஒரு சாயங்காலம் தேன்மொழி அவளைப் பின்பக்கச் சரிவுக்குக் கூட்டிப்போய், கையில் டம்பெல் கொடுத்து ஏறி இறங்க வைத்திருக்கிறார். மறுநாள் பாப்பாத்தியின் முட்டி பலாப்பிஞ்சு போல வீங்கியிருந்தது. நான் கத்தினேன். “உங்களுக்கு யாருங்க உரிமை குடுத்தது? தையல் பிரிஞ்சிருந்தா?” என்றேன்.

தேன்மொழி வாசலுக்கும் மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். சட்டென்று நின்றார். “பயப்படறது நீ. அவ பயப்படல” என்றார்.

என்னை அவர் ‘நீ’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ஜிம்மில் இருந்த அத்தனை பெண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் வரவில்லை. பாப்பாத்தியின் வீக்கம் வடிந்தது. உள்ளே எதுவும் கெடவில்லை என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். அவர் செய்தது சீக்கிரம். நான் செய்துகொண்டிருந்தது தாமதம். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் பாப்பாத்தியிடம், “மெஷின் முடிச்சுட்டு, வெறுங்கையோட சரிவுல நட. கனம் வேணாம்” என்றேன். அவள் அதை அப்படியே நாகலூரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலை நான் கதவைத் திறக்க வந்தபோது தேன்மொழி வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்தவர் நேராக லெக் பிரஸ்ஸில் போய் உட்கார்ந்தார். அதுவரை அதைத் தொட்டதே இல்லை. கம்பி நிறையத் தட்டுகளை மாட்டி, மெதுவாகத் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். முகம் சிவந்து, வியர்த்து, கடைசியில் பூட்டைப் போட்டுவிட்டுச் சாய்ந்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றார். பிறகு, “வெளிய சொல்லிப்போடாதீங்க” என்றார்.

சீசனுக்குப் பாப்பாத்தி தோட்டத்தில் இறங்கினாள். அவளைத் தேற்றியது யார் என்ற வழக்கு மட்டும் கடைசிவரை தீரவில்லை.

தீராத இன்னொரு வழக்கும் இருந்தது. வெறும் பாரைப் பிடித்து, எப்படிக் குனிய வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டுவேனே தவிர, தட்டு மாட்டித் தரையிலிருந்து நான் தூக்கியதே கிடையாது. என் உடம்புக்கு மெஷின் போதும் என்பேன். “ஒரே ஒரு நாளைக்குத் தூக்கிப் பாருங்க வசந்தி. அப்பறம் சண்டை போடலாம்” என்பார். அடுத்த வாரம் என்பேன். அந்த அடுத்த வாரம் எங்களுக்குள் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது நாகலூரில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். எஸ்டேட் ஆட்கள், ஜிம் பெண்கள், சேலத்து உறவினர்கள் என்று வாசல் நிறைய ஜனம். கீழேயிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். “பொம்பள ஒடம்பு எத்தனைதான் தாங்கும்? கண்டத கண்டபடி தூக்கினா மூளை வெடிக்காம என்ன பண்ணும்?” என்றவர், என்னை அடையாளம் கண்டுகொண்டு திரும்பினார். “நீங்ககூட மெஷின்தான் நல்லதுன்னு சண்டை போடுவீங்களாமா. சொன்னதக் கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா, இல்லீங்களா?”

சுற்றியிருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் நான் வாதாடிய கட்சியை அவர் எடுத்து என் கையில் கொடுக்கிறார். “நான் அப்படிச் சொல்லலீங்க. எப்பவும் சொன்னதில்லீங்க” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய், காப்பிச் செடிகளுக்கு நடுவில் இருந்த தடத்தில் மேலும் கீழும் நடந்தேன்.

தேன்மொழியின் கணவர் முருகேசன் என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். கடை வைத்திருக்கிறவர், அதிகம் பேசாதவர். “நானும் டாக்டருகிட்ட அதத்தானுங்க கேட்டேன். தூக்கினதாலயான்னு. அப்படியெல்லாம் சொல்ல முடியாதுன்னுட்டாருங்க. ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல” என்றார். “தூக்க வேண்டாம்னு நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பாளுங்களா?”

“கேட்டிருக்க மாட்டாங்க.”

“ஆமாங்க. கேட்டிருக்க மாட்டா” என்றவரின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு போல எதுவோ வந்து போயிற்று.

காரியம் முடிந்து ஜிம்மைத் திறந்த அன்று சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். வழக்கமாக வருகிறவர்களில் இரண்டு பேர் இல்லை. வீட்டில் விடவில்லையாம். வந்தவர்கள் எல்லோரும் என் மெஷின்களில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவருடைய மூலைக்கு ஒருத்தியும் போகவில்லை. எந்த மெஷினும் ஓடவும் இல்லை. பாப்பாத்திதான் கேட்டாள். “மேடம், உண்மையச் சொல்லுங்க. அக்கா தூக்கினதாலதான் இப்படி ஆச்சுங்களா?”

எனக்கு ஒரு தெளிவான பதில் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். “தெரியல பாப்பாத்தி” என்றேன். “உங்க எல்லாருக்கும் பாக்கற மாதிரி அவங்களுக்கும் நான் பிரஷர் பாத்துட்டுத்தான் இருந்தேன். சரியாத்தான் இருந்துச்சு. கனம் தூக்கறப்ப மூச்சை அடக்கினா பிரஷர் ஏறும். அது நெசம். எதையுமே தூக்காதவங்களுக்கும் இது வருது. அதுவும் நெசம். டாக்டருக்கே தெரியாதத நான் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது.”

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கால்கள் தாமாகவே அந்த மூலைக்குப் போயின. பாரில் சிறிய தட்டுகளை இரண்டு பக்கமும் மாட்டினேன். குனிந்து பிடித்து இழுத்தேன். தரையை விட்டுக் கிளம்பி, முட்டிக்குக் கீழேயே நின்றுவிட்டது. போட்டுவிட்டேன். சத்தத்தில் எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

“மேடம், இடுப்ப இன்னும் பின்னால கொண்டு போங்க” என்று பாப்பாத்தியின் குரல் கேட்டது. எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். “மூச்ச அடக்காதீங்க. தரையத் தள்ளற மாதிரி நெனச்சுக்கங்க. அக்கா அப்படித்தான் சொல்லுவாங்க.”

தரையைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டேன். பார் மேலே வந்தது. முதுகு, தொடை, கழுத்து, பாதம் என்று எல்லாம் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இதைத்தான் அவர் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாரா என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. பாரைப் பிடித்தபடியே அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. பாப்பாத்தி தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். நான் இறக்கி வைத்ததும் அடுத்து அவள் தூக்கினாள். பிறகு இன்னொருத்தி வந்தாள்.

நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். புதிதாக வருகிறவளை இப்போதும் முதலில் மெஷினில்தான் உட்காரவைக்கிறேன். அது சரி என்றுதான் இன்றும் நம்புகிறேன். மறுத்துப் பேச ஆள் இல்லாததால், அந்தச் சரியில் முன்பு இருந்த ருசி இல்லை. பதில் கிடைக்காத அந்தக் கேள்வியும் என்னை விடவில்லை. பால் காய்ச்சும்போது, பஸ் வளைவில் திரும்பும்போது, திடீரென்று வந்து நிற்கிறது.

முருகேசன் பாரை ஜிம்மிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அது எல்லோருக்குமானது. தேன்மொழியிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது வேறு. என் இரண்டு உள்ளங்கைகளிலும், விரல்கள் தொடங்கும் இடத்தில், தோல் தடித்துக் காய்த்திருக்கிறது. இந்த வயதில் முதன்முதலாக வந்த காய்ப்பு. பேசும்போதும் பஸ்ஸில் போகும்போதும் கட்டைவிரல் தானாகவே போய் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. தூக்குவதை நிறுத்தினால் சில வாரங்களில் உரிந்து மறைந்துவிடும். அதனால் நிறுத்தவில்லை.